கான்டீன் அடுப்புக்குக் கீரையும் பயறும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரச் சிறு விவசாயிகளுக்கு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் வருவது சுங்குவார்சத்திரம். ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்கு இலை போட்டுப் பரிமாறிய காலம் போய், இன்று அந்த வட்டாரத்தில் ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் அடுப்புகள் எரிகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. டயர், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. 250 தொழிலாளருக்கு மேல் உள்ள ஆலைகளில் கான்டீன் வைக்க 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வழி செய்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆக இறக்கியது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் மகளிர் விடுதி மட்டும் 18,720 பேர் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. இவை தவிர, சாலையோர ஓட்டல்களும் மெஸ்களும் ஏராளம்.

இத்தனை அடுப்புக்கும் காய்கறி எங்கிருந்து வருகிறது? கோயம்பேடு மார்க்கெட்டில் மொத்தமாக எடுத்து வண்டியில் ஏற்றி வருவது கான்ட்ராக்டர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. பக்கத்திலேயே கிணற்றுப் பாசனத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி தன் கீரையைக் கட்டுக் கட்டாகச் சந்தைக்குச் சுமக்கிறார். இந்த இரண்டையும் இணைப்பது எப்படி, அதற்கு என்ன பயிரிடலாம் என்பதை அறிந்துகொள்வது இவ்வட்டார விவசாயிகளுக்குப் பயன் தரும்.

சமையலறை விஷயம் சிறு விஷயம் அன்று. 2021 டிசம்பரில் இவ்வட்டாரத்துக் கைப்பேசித் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பாதிக்கப்பட்டு 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. உலகம் முழுதும் அது செய்தியாயிற்று. அதன் பிறகு, தட்டில் விழுவது எங்கே விளைந்தது, எப்படி வந்தது என்று கேட்பதற்கு ஆலை நிர்வாகங்களுக்கும் காரணம் கிடைத்திருக்கிறது.

மரக்கறிச் சாப்பாட்டின் கணக்கு

உலகெங்கும் ஓட்டல்களிலும் விடுதிகளிலும் மரக்கறி உணவுக்கு முதலிடம் தரலாமா என்ற யோசனை வலுத்து வருகிறது. நியூயார்க் நகரின் 11 அரசு மருத்துவமனைகளில் 2022 முதல் நோயாளிக்கு முதலில் மரக்கறிச் சாப்பாடே முன்வைக்கப்படுகிறது. இறைச்சி வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். இதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் நிலம், நீர், புகை பற்றிய கணக்கு. யார் எதைச் சாப்பிட வேண்டும் என்ற வாதத்தில் விவசாயி இறங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மிகப் பெரும்பாலோர் கறி, மீன், முட்டை சாப்பிடுகிறவர்களே. ஆனாலும் அவர்களும் வாரத்தில் பல வேளைகள் சாம்பார், பொரியல், மோர் என்றுதான் சாப்பிடுகிறார்கள். அந்த வேளைகளின் தரம்தான் இங்கே பேச்சு.

நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் மெக்கன்னென், ஹூக்ஸ்ட்ரா இருவரும் உலக சராசரியாகக் கணக்கிட்டதில், ஒரு கிராம் புரதத்தை உண்டாக்க ஆட்டிறைச்சிக்கு 63 லிட்டர் தண்ணீரும், கோழிக்கு 34 லிட்டரும், முட்டைக்கு 29 லிட்டரும், பயறு வகைகளுக்கு 19 லிட்டரும் செலவாகின்றன. இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். புறம்போக்கிலும் தரிசிலும் மேயும் வெள்ளாடு குடிப்பது மழை நீரில் முளைத்த புல்லின் ஈரத்தைத்தான். அந்த ஈரத்துக்கு வேறு யாரும் போட்டியில்லை. சோளமும் சோயாவும் வாங்கித் தின்னும் பண்ணைக் கோழியின் கணக்கு வேறு. ஆகவே வீட்டில் நாலு ஆடு வளர்ப்பவர் இந்தக் கணக்கைக் கண்டு கலங்க வேண்டாம். அதே சமயம், நெல் அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சிய ஈரத்திலேயே விளையும் உளுந்துக்குப் புதிதாகத் தண்ணீர் என்று அதிகம் இல்லை. 

மரக்கறிச் சாப்பாடு என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது. வெள்ளைச் சோறு ஒரு குவியல், கரண்டி விட்டுத் துழாவினாலும் பருப்பு அகப்படாத சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல் என்றால் அது வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவருக்கு நாள் ஒன்றுக்குத் தானியம் 250 கிராம், பயறும் பருப்பும் 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம் என்று வகுத்திருக்கிறது. தானியத்தைவிடக் காய்கறி அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆலை வாசலில் ஷிப்ட் மாறும்போது வெளிவரும் பெண்களில் பலர் இந்த வயதினர்தாம்.

அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற சத்து பருப்பில் உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இட்லிக்கு உளுந்தும், பொங்கலுக்குப் பாசிப்பருப்பும் சேர்த்த பாட்டிமார் இந்தப் பெயர்களைக் கேட்டதில்லை. கீரையிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் ஒட்டுவது குறைவு. எலுமிச்சை, தக்காளி, நெல்லி போன்ற புளிப்பு கூடச் சேர்ந்தால் கூடுதலாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். கான்டீன் மேலாளரிடம் கீரை விற்கப் போகும் விவசாயி இந்த இரண்டு வரியைச் சொல்லத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எதை விளைவிக்கலாம்

கான்டீனுக்கு வேண்டிய எல்லாவற்றையும் இவ்வட்டாரத்தில் விளைவிக்க இயலாது. காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் மலையிலிருந்தும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் வரும். வெங்காயமும் உருளையும் வெளி மாநிலச் சரக்கு. ஒடிசா, பீகார் பக்கத்துத் தொழிலாளர் பெருகியிருப்பதால் உருளைக்குக் கிராக்கி அதிகம். அதில் போட்டியிட முயல்வது வீண். அருகில் இருப்பவருக்குச் சாதகமான சரக்கு, தூரத்திலிருந்து வந்தால் வாடிப் போகும் சரக்கு. அதாவது கீரை முதலில், அடுத்து புடலை, பீர்க்கு, சுரை, வெண்டை, கத்தரி.

கீரைக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1000 பேர் சாப்பிடும் கான்டீனில் ஒரு வேளைக்குத் தலைக்கு 50 கிராம் ஆய்ந்த கீரை என்றால் 50 கிலோ. வேர், முற்றின தண்டு, பழுத்த இலை கழிவதைச் சேர்த்தால் வயலிலிருந்து 75 கிலோ வர வேண்டும். முளைக்கீரை 25 நாளில் ஏக்கருக்கு 3 டன் வருவதாக வைத்துக் கொண்டால் சென்ட்டுக்கு 30 கிலோ. ஆக ஒரு வேளைக்கு வேண்டியது இரண்டரை சென்ட் பாத்திதான். வாரம் மூன்று நாள் கீரை போட்டால் ஏழரை சென்ட். அறுத்த பாத்தியை மறுபடி கொத்தி, எருவிட்டு, விதைத்து அறுக்க ஐந்து வாரம் பிடிக்கும். எனவே மொத்தம் 40 சென்ட் இருந்தால் 1000 பேருக்கு வருடம் முழுவதும் வாரம் மும்முறை கீரை கொடுக்கலாம். விளைச்சல் பாதிதான் வருகிறது என்றாலும் 80 சென்ட் போதும். சிப்காட்டுக்கு நிலம் கொடுத்ததுபோக மிஞ்சிய துண்டு நிலம் வைத்திருப்பவருக்கு இது எட்டாத காரியம் அன்று.

40 சென்ட்டையும் ஒருவரே போடுவதைவிட, எட்டுப் பேர் ஆளுக்கு 5 சென்ட் போடுவது பாதுகாப்பு. ஒருவர் கிணற்று மோட்டார் பழுதானாலும் மற்றவர் பாத்தி கைகொடுக்கும். 40 சென்ட்டில் இரண்டரை சென்ட் பாத்திகள் 16 வரும். வாரம் மூன்று பாத்தி வீதம் விதைத்தால் ஐந்து வாரத்துக்கு 15 பாத்தி. ஒன்று உபரியாகக் கையிருப்பில் நிற்கும். எந்தப் பாத்தி எந்தத் தேதியில் விதைத்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாப் பாத்தியும் விதைத்தால் ஒரே நாளில் எல்லாம் அறுவடைக்கு வந்து நிற்கும். சந்தையில் கட்டு விலை சரியும் கதை அப்படித்தான் ஆரம்பமாகிறது.

சாகுபடி முறை

சென்ட்டுக்கு 100 கிலோ வீதம் நன்கு மக்கிய தொழு உரம் இட்டு, மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, மட்டமான பாத்தி அமைக்க வேண்டும். பச்சைச் சாணம் கூடாது. முளைக்கீரை, தண்டுக்கீரைக்கு ஏக்கருக்கு ஒரு கிலோ, அதாவது இரண்டரை சென்ட்டுக்கு 25 கிராம் விதை போதும். விதை மிகச் சிறியதாகையால் பத்து மடங்கு மணலுடன் கலந்து தூவி, கையால் லேசாகக் கிளறிவிட வேண்டும். முதல் தண்ணீரைப் பூவாளியால் தெளிப்பது உத்தமம். வாய்க்காலை வேகமாகத் திறந்தால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். முளைத்த பத்தாம் நாள் நெருக்கமானவற்றைக் களைந்து அதையே இளங்கீரையாக விற்கலாம். சிறுகீரையை வேரோடு பிடுங்குவார்கள். அரைக்கீரையை முதலில் 25, 30 நாளிலும், பிறகு வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறையும் கிள்ளி எடுத்தால் இரண்டு மூன்று மாதம் வரும். யூரியாவை அள்ளி வீசி இலையைக் கருகருவென்று ஆக்கும் ஆசை வேண்டாம். அத்தகைய கீரை சீக்கிரம் அழுகும், பூச்சியும் அதிகம் விழும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டப் பாத்தியில் நாற்று அழுகும். அந்த மாதங்களுக்கு அரை அடி உயரமான மேட்டுப்பாத்தி போட்டு, இடையில் வடிகால் விட வேண்டும். கான்ட்ராக்டருக்கு அந்த இரண்டு மாதமும் அளவு குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் நின்றுபோனால் அடுத்த ஆண்டு வாசலில் நிற்க முடியாது.

கீரைக்கு ரசாயனப் பூச்சி மருந்து அடிக்காதிருப்பதே சிறந்தது. 25 நாள் பயிரில் மருந்தின் எச்சம் நீங்குவதற்கு நாளே கிடையாது. இலையைத் துளைக்கும் புழுவுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 5 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். மோனோகுரோட்டபாஸ் மருந்து 2005-லேயே காய்கறிப் பயிர்களுக்குத் தடை செய்யப்பட்டது. கடைக்காரர் பழைய பழக்கத்தில் எடுத்துக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கத்தரி, வெண்டைக்கு மருந்து அடிக்க நேர்ந்தால் லேபிலில் குறித்திருக்கும் காத்திருப்பு நாள் கழித்தே பறிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, இந்தத் தொழில் வட்டாரத்துக்கே உரியது. ஆலை, பட்டறை, குடியிருப்புகளின் கழிவு நீர் கலக்கும் ஓடையிலிருந்து கீரைக்குத் தண்ணீர் இறைக்கக் கூடாது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இலை மற்றக் காய்களைவிட அதிகம் சேர்த்துக் கொள்ளும். கண்ணுக்கு அது தெரியாது, இலை பசுமையாகவே இருக்கும். கிணற்று நீரையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவுத் தாளைக் கையில் வைத்திருந்தால் விற்பனைக்கும் அது ஒரு சாட்சி.

அறுவடையை அதிகாலையில் முடித்து, நல்ல தண்ணீரில் மண் போக அலசி, ஈரச் சாக்கில் நிழலில் வைத்து ஏற்ற வேண்டும். சந்தையில் கட்டுக் கணக்கு, கான்டீனில் கிலோக் கணக்கு. வேரை வெட்டிக் கொடுத்தால் கிலோவுக்கு என்ன விலை, வேரோடு என்ன விலை என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தில்தான் மனஸ்தாபம் அதிகம் வரும்.

கொடிக் காய்களில் சுரை, புடலை இரண்டும் கூட்டுக்கு ஏற்றவை. பந்தல் செலவு இயலாதவர்கள் பூசணி போடலாம். முற்றிய பரங்கியும் சாம்பல் பூசணியும் வாரக்கணக்கில் கெடாமல் இருப்பதால், மழை நாளில் கீரை தட்டும்போது அவை கைகொடுக்கும்.

நவரைக்குப் பதில் உளுந்து

காஞ்சிபுரம் மாவட்டத்தில் சம்பா அறுத்தபின் கிணறு உள்ளவர்கள் நவரை நெல் நடுவது வழக்கம். நெல்லுக்கு ஏறத்தாழ 1200 மில்லி மீட்டர் நீர் தேவை. உளுந்துக்கு 300-க்குள் முடிந்துவிடும். ஆலைகளும் குடியிருப்புகளும் ஆழ்குழாய் போட்டு இறைக்கும் இடத்தில் கோடையில் கிணற்று மட்டம் எப்படி இறங்கும் என்பதை விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. நவரையில் ஒரு பகுதியையாவது பயறுக்கு மாற்றினால், பக்கத்து இட்லிப் பானைகளுக்கு உளுந்தும், கிணற்றில் கொஞ்சம் தண்ணீரும் மிஞ்சும்.

தைப் பட்டத்துக்கு வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 ஆகிய ரகங்கள் ஏற்றவை. இவை மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும். ஏக்கருக்கு 8 கிலோ விதை. ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிர் உரங்களை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, வரிசைக்கு வரிசை 30 சென்டி மீட்டரும், செடிக்குச் செடி 10 சென்டி மீட்டரும் விட்டு ஊன்ற வேண்டும். தேமல் கண்ட செடியைப் பார்த்தவுடன் பிடுங்கிப் புதைக்க வேண்டும். பூக்கும் சமயத்திலும், 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் பூ உதிர்வது குறைந்து காய் திரளும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவு ஊறவைத்து, தெளிவை வடித்து, 200 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் தண்ணீர் தவறக் கூடாது. மற்ற நேரத்தில் வயல் காய்ந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

பயறைக் கடித்தால் உடைபடும் பக்குவத்தில் காயவைத்துச் சேமிக்காவிட்டால் வண்டு துளைத்துவிடும். முழு உளுந்தாக விற்பதைவிட உடைத்துத் தோல் நீக்கி விற்றால் விலை கூடும். ஆனால் சிறு அரவை இயந்திரம் தனி ஒருவருக்குக் கட்டுபடியாகாது. இங்கும் சேர்ந்து செய்வதே வழி.

சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரக்கறிச் சாப்பாடு என்றால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கே இல்லை என்று நினைப்பது சரியன்று. எப்போதும் நீர் தேங்கிய நெல் வயலிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது, பூமி சூடேறுவதில் அதற்கும் பங்கு உண்டு. ஓர் அடி நீளமுள்ள, துளையிட்ட குழாயை வயலில் பாதி புதைத்து, உள்ளே நீர் மட்டம் தரைக்குக் கீழ் 15 சென்டி மீட்டர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சும் முறையை சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பி வருகிறது. இதில் நீர் 30 சதவீதம் வரை மிச்சமாகிறது, மீத்தேனும் பாதியளவு குறைகிறது. பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும்.

விற்பனைப் பேச்சு

கான்டீனை நடத்துவது பெரும்பாலும் ஆலை அன்று, கான்ட்ராக்டர். அவருக்குத் தட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கட்டிய விலை. காய்கறி விலை ஏறினால் அவர் கை கடிக்கும், கடித்தால் பருப்பைக் குறைப்பார். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரே விலை என்று பேசுவது இருவருக்கும் நல்லது. சந்தையில் கீரை விலை ஏறும் நாளில் விவசாயிக்கு மனம் உறுத்தத்தான் செய்யும். சரியும் நாளில் அந்த ஒப்பந்தமே காப்பாற்றும். ஏறிய நாளில் சரக்கைச் சந்தைக்குத் திருப்பிவிட்டால் உறவு அன்றோடு முடிந்தது.

பணம் வரும் நாள்தான் சிறு விவசாயியின் உண்மையான கவலை. கம்பெனி பில் பாஸாகிக் கான்ட்ராக்டருக்கு வந்து, பிறகு விவசாயிக்கு வருவதற்குள் அவர் கடன்காரராகிவிடுவார். வாரம் ஒருமுறை பட்டுவாடா என்று எழுத்தில் வாங்காமல் முதல் நடை சரக்கு ஏற்றக் கூடாது. வாய் வார்த்தை போதாது. தனியாளாகக் கேட்டால் கிடைக்காத இந்த நிபந்தனை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ குழுவாகவோ போய்க் கேட்டால் கிடைக்கும். எடை போடும் இடத்தில் குழுவின் ஆள் ஒருவர் நிற்பதும் அவசியம்.

கான்ட்ராக்டர் மசியாவிட்டால் ஆலை நிர்வாகத்திடமே பேசலாம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1000 பெரிய கம்பெனிகள், சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் தாங்கள் செய்ததை ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று செபி அமைப்பு 2021-ல் உத்தரவிட்டு, 2022-23 முதல் கட்டாயமாக்கியது. சிறு உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்கிய பொருள் எத்தனை பங்கு என்பது அந்தப் படிவத்திலுள்ள கேள்விகளில் ஒன்று. பக்கத்துக் கிராமத்துக் கீரையை வாங்குவது கம்பெனிக்கும் எழுதிக் காட்ட ஒரு வரி என்பதை மேலாளரிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

மிஞ்சும் சோறு

சரக்கு கொடுத்துவிட்டுத் திரும்பும் வண்டியில் கான்டீனின் மிச்சத்தை ஏற்றிவரும் வழக்கம் உண்டு. காய்கறித் தோலும் கீரைத் தண்டும் நேரே எருக்குழிக்குப் போகலாம். சமைத்த சோற்றில் உப்பும் எண்ணெயும் இருப்பதால் அதைத் தனியாக, சருகும் சாணமும் அதிகம் சேர்த்து மக்கவைக்க வேண்டும். சாண எரிவாயுக் கலன் உள்ளவர்கள் அதில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

மாட்டுக்கு மட்டும் சோற்றை வாளி வாளியாக வைக்கக் கூடாது. பழக்கமில்லாத மாடு நிறையச் சோறு தின்றால் இரைப்பையில் அமிலம் பெருகி, அசைபோடுவது நின்று, வயிறு உப்பி, கழிந்து, படுத்துவிடும். பொங்கல் மறுநாள் கால்நடை மருத்துவமனையில் காணும் காட்சி இதுதான். சமையல் சோடா கரைத்துக் கொடுப்பது முதலுதவியே, மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். கொடுத்தே ஆக வேண்டுமானால் ஒரு கைப்பிடி அளவில் தொடங்கி, முதலில் வைக்கோலை வயிறார மேயவிட்டபின், புளிக்காத சோறாகப் பார்த்து வைக்கலாம். பிளாஸ்டிக் பையும் எலும்பும் கலந்த மிச்சத்தை வண்டியில் ஏற்றாமல் அங்கேயே மறுத்துவிட வேண்டும்.